ஆறு தப்பு, ஆனால் பிழை இரண்டுதான்: ஒரு பிளஸ் ஒன் வீட்டுப்பாடம்

கேள்வி: ஐயா, நான் திருப்பூரில் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். என் மகள் பத்தாவது வரை தமிழ் மீடியம். கணக்கில் நல்ல மார்க். இப்போது பிளஸ் ஒன், இங்கிலீஷ் மீடியம். முக்கோணவியலில் ‘கோடெர்மினல் ஆங்கிள்’ என்று ஒன்பது கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் 0-லிருந்து 360-க்குள் விடை வரவேண்டுமாம். ஆறு தப்பு. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். −1950° என்ற கணக்குக்கு இவள் 150 என்று எழுதினாள். தோழி −150 என்று எழுதினாள். போனில் கேட்டால் 210 என்கிறது. மூன்று பேருக்கு மூன்று விடை! அதன்பிறகு போனைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு போகிறாள், கேட்டால் அழுகிறாள். வீட்டுக்காரர், “பேசாம காமர்ஸ் குரூப்புக்கு மாத்திரலாம்” என்கிறார். டியூஷன் வைப்பதா? போனை வாங்கி வைத்துவிடுவதா? எனக்கே தெரியாத பாடத்தில் நான் எப்படி உதவுவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியது மிகவும் நல்லதாகப் போயிற்று. “கணக்கு வரவில்லை” என்று மட்டும் எழுதியிருந்தால் என்னால் பொதுவாக நாலு வார்த்தைதான் சொல்லியிருக்க முடியும். மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில், அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதிதான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் மூன்று கணக்கு 410°, 585°, 1300°. உங்கள் மகள் 50°, 225°, 220° என்று எழுதியிருக்கிறாள். மூன்றும் சரி. அடுத்த மூன்றும் மைனஸ் கோணங்கள்: −200°, −500°, −1950°. அவள் விடை 200°, 140°, 150°. மூன்றும் தப்பு. கடைசி மூன்றும் டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற அளவில் உள்ளவை: 25π/6, 19π/3, −7π/4. அவையும் தப்பு. ஆக, குருட்டாம்போக்கில் எழுதிய பக்கம் அல்ல இது. டிகிரியில் பிளஸ் கோணம் எல்லாம் சரி, மைனஸ் எல்லாம் தப்பு, அதுவும் ஒரே மாதிரித் தப்பு. பாடம் புரியாத பிள்ளையின் தாள் இப்படி இருக்காது. அதில் ஒன்று சரியாக இருக்கும், அடுத்தது தப்பாக இருக்கும், அதற்கடுத்தது பாதியில் நிற்கும். உங்கள் மகளுக்கு இரண்டே இரண்டு இடத்தில்தான் வழி தவறியிருக்கிறது.

அந்த இரண்டுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் நடுவில் ‘கோணம்’ என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிடுகிறது. இதைப் பிள்ளைகளிடம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நீங்கள் படித்த காலத்திலும் சரி, உங்கள் மகள் போன வருடம் படித்தபோதும் சரி, கோணம் என்றால் இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள விரிவு. செங்கோண முக்கோணம், கோபுர உச்சியைப் பார்க்கும் ஏற்றக் கோணம், கலங்கரை விளக்கத்திலிருந்து படகைப் பார்க்கும் இறக்கக் கோணம். எல்லாம் 90°-க்குள் அடங்கிவிடும். பிளஸ் ஒன்னில் கோணம் என்றால் சுற்று. ஒரு கோடு கிளம்பிய இடத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு சுற்றியது என்பதே கோணம். அதனால்தான் 1300° வருகிறது, அதனால்தான் மைனஸ் வருகிறது. பழைய பொருளையே மனத்தில் வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு “மைனஸ் 200 டிகிரி” என்பது அர்த்தமில்லாத பேச்சு. முக்கோணத்துக்குள் மைனஸ் மூலை எப்படி இருக்கும்? அதனால் அவள் மைனஸைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டாள். அவள் நிலையில் அது இயல்புதான்.

சகோதரி, இதை அவளுக்குக் காட்ட உங்களைவிடப் பொருத்தமானவர் கிடையாது. வகுப்பறையில் எங்களிடம் இல்லாத கருவி உங்கள் வீட்டில் இருக்கிறது.

உங்கள் தையல் மிஷினின் வலது ஓரத்தில் கையால் சுற்றும் சக்கரம் இருக்கிறதல்லவா? ஊசியிலிருந்து நூலைக் கழற்றிவிடுங்கள். மகளை மிஷினுக்கு வலப்பக்கமாகப் போய் நின்று, சக்கரத்தை நேருக்கு நேர் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் ஓரத்தில், அவளுடைய வலக்கைப் பக்கம் (கடிகாரத்தில் 3 இருக்கும் இடம்) துணிக்குக் கோடு போடும் சாக்கால் ஒரு அடையாளம் வையுங்கள். அதுதான் தொடக்கக் கோடு. இப்போது நீங்கள் தைக்கும்போது சுற்றுவதுபோல, சக்கரத்தின் மேல்விளிம்பை உங்கள் பக்கம் இழுத்து மெதுவாகச் சுற்றுங்கள். அவள் கண்ணுக்கு அந்த அடையாளம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போகும். கணக்கில் அந்தத் திசைதான் பிளஸ். நீங்கள் இத்தனை வருடமாகத் தைத்த தையல் எல்லாம் பிளஸ் திசைதான்.

ஒரு முழுச் சுற்று 360°. ஊசி ஒரு தடவை இறங்கி ஏறும், ஒரு தையல். அடையாளம் பழைய இடத்துக்கே வந்துவிடும். இன்னும் கொஞ்சம், 50° அளவு, சுற்றி நிறுத்துங்கள். மொத்தம் சுற்றியது 410°. அடையாளத்தை மட்டும் பார்க்கிறவருக்கு 50° சுற்றியதற்கும் 410° சுற்றியதற்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. இப்படி ஒரே இடத்தில் போய் நிற்கும் கோணங்களுக்குத்தான் கோடெர்மினல் என்று பெயர். அவ்வளவுதான் அந்தச் சொல்.

ஆனால் துணியைப் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியும். 50°-க்கு ஒரு தையல்கூட முடியவில்லை. 410°-க்கு ஒன்று விழுந்துவிட்டது. இதை அவள் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஏனென்றால் நோட்டில் ‘410° = 50°’ என்று சமக்குறி போட்டிருக்கிறாள். அது தப்பு. நிற்கும் இடம்தான் ஒன்று, சுற்றிய அளவு வேறு. “410°, 50° இரண்டும் கோடெர்மினல்” என்று வார்த்தையில் எழுதட்டும். நான் விடைத்தாள் திருத்தும்போது இந்தச் சமக்குறியைப் பார்த்தால் சிவப்பு மையில் வட்டம் போடாமல் விட்டதில்லை.

360-க்கு மேல் எதற்குப் போகவேண்டும் என்று அவள் கேட்டால், உங்கள் மிஷின் மோட்டாருக்கு வரும் மின்சாரத்தையே சொல்லுங்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒரே நொடியில் 50 முறை 360°, அதாவது 18,000°. சுற்றுவதை அளக்க வேண்டுமானால் 360-ல் நின்றுவிட முடியாது.

இனி முதல் பிழை, மைனஸ். சக்கரத்தை அடையாளம் வைத்த இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, எதிர்ப்பக்கமாக, உங்களை விட்டு விலகும் திசையில், 200° சுற்றுங்கள். அடையாளம் கீழே இறங்கி, இடப்பக்கம் போய், அங்கிருந்து இன்னும் 20° மேலேறி நிற்கும். அதாவது இடப்பக்க மேல்பாதியில். அவள் எழுதிய 200° எங்கே நிற்கும்? பிளஸ் திசையில் மேலே ஏறி, இடப்பக்கம் வந்து, இன்னும் 20° கீழே இறங்கி, இடப்பக்கக் கீழ்ப்பாதியில். ஒன்று மேலே, மற்றது கீழே. தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி.

சரியான விடை 160°. இப்போது அவளை ஒரு கூட்டல் போடச் சொல்லுங்கள். அவள் விடை 200, சரியான விடை 160, கூட்டினால் 360. இரண்டாவதில் அவள் விடை 140, சரியான விடை 220, கூட்டினால் 360. மூன்றாவதில் 150-ம் 210-ம், அதுவும் 360. மூன்று தப்பும் ஒரே தப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மைனஸை விட்டுவிட்டு மீதியை எழுதினால் எப்போதும் கண்ணாடிப் பிம்பத்தில்தான் போய் நிற்போம்.

−1950° கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், வீட்டில் அழுகை வந்ததே இதனால்தானே. 1950-ஐ 360-ஆல் வகுத்தால் 5 தடவை போகிறது, மீதி 150. இதுவரை உங்கள் மகள் செய்தது சரி. ஆனால் அது பின்பக்கமாகப் போன 5 சுற்று, பின்பக்கமாகவே மீதி 150. ஐந்து சுற்றையும் திருப்பிக் கொடுத்தால், அதாவது −1950-உடன் 1800-ஐக் கூட்டினால், −150 வருகிறது. தோழி எழுதியது இதைத்தான். அதுவும் கோடெர்மினல் கோணம்தான், தப்பில்லை. ஆனால் கேள்வி 0-லிருந்து 360-க்குள் கேட்கிறது. அதனால் இன்னும் ஒரு சுற்று கொடுக்க வேண்டும்: −150 + 360 = 210. போன் சொன்னது இது. மொத்தம் ஆறு சுற்று. “மைனஸ் போகும்வரை 360-ஐக் கூட்டிக்கொண்டே இரு” என்பதே வழி. போன் கால்குலேட்டரில் வகுத்தால் 5.41666 என்று வரும். அதில் மீதி கண்ணுக்குத் தெரியாது. வகுத்தலைப் பழையபடி கையால் போடட்டும்.

மூன்று பேருக்கு மூன்று விடை வந்ததில் அவள் மிரண்டு போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கணக்குக்கு ஒரே விடை என்று பத்து வருடமாக நம்பி வந்திருக்கிறாள். இங்கே −1950-க்குக் கோடெர்மினல் கோணங்கள் எண்ணிலடங்காதவை: −510, −150, 210, 570, 930 என்று போய்க்கொண்டே இருக்கும். கேள்வியில் இருக்கும் ‘0-லிருந்து 360-க்குள்’ என்ற நிபந்தனைதான் அவற்றில் ஒன்றைப் பொறுக்குகிறது. கேள்வியின் அந்தத் துண்டை அடிக்கோடிட்ட பிறகே கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள்.

மிஷின் பக்கம் வேலை நெருக்கடியாக இருக்கும் நாளில், காய் நறுக்கிக்கொண்டே இதைக் கேளுங்கள்: “இன்னைக்குத் திங்கக்கிழமை. பத்து நாளைக்கு முன்னாடி என்ன கிழமை?” பத்தில் ஏழு போனால் மூன்று. திங்களிலிருந்து மூன்று நாள் பின்னால் எண்ணினால் வெள்ளி. முன்னால் எண்ணினால் வியாழன், அது தப்பு. அவள் நோட்டில் செய்த தப்பு இந்த வியாழன்தான். மூன்று நாள் பின்னால் போவதும் நாலு நாள் முன்னால் போவதும் ஒரே கிழமையில் கொண்டுபோய் விடும், மூன்றும் நாலும் ஏழு என்பதால். வாரத்துக்கு ஏழு, வட்டத்துக்கு 360. நாலைந்து நாள் இப்படி விளையாட்டாகக் கேட்டுவந்தால் மைனஸ் பயம் போய்விடும். இதற்கு நீங்கள் பிளஸ் ஒன் படித்திருக்க வேண்டியதில்லை.

இந்தப் பிழையை இப்போதே சரிசெய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், அது ஒளிந்துகொள்ளும் பிழை. அடுத்த வாரமே சைன், காஸ் மதிப்புகளைக் கேட்பார்கள். −1950°-க்கு 210° என்று போட்டாலும், தப்பாக 150° என்று போட்டாலும், காஸ் மதிப்பு ஒன்றேதான் வரும். ஏனென்றால் காஸ் என்பது இடவலத் தூரம்; மேல்கீழாக விழும் இந்தப் பிம்பத்தில் அது மாறுவதில்லை. விடை சரியாக இருப்பதால் ஆசிரியரும் ‘டிக்’ போட்டுவிடுவார். சைன் கேட்டால்தான் மாட்டும்: 210°-க்கு −1/2, 150°-க்கு +1/2. பாதிக் கணக்கு சரியாகவும் பாதி தப்பாகவும் வரும்போது பிள்ளைக்குத் தன்மேலேயே நம்பிக்கை போய்விடும். மருத்துவரிடம் சொல்ல முடியாத, வந்து வந்து போகும் வலி போல அது.

இரண்டாவது பிழை ரேடியன். 25π/6 கணக்கில் ‘25π/6 − 360’ என்று எழுதிவிட்டு அப்படியே நிறுத்தியிருக்கிறாள். 19π/3-ல் முழுச் சுற்றான 2π-யைக் கழிப்பதற்குப் பதில் 2π/3-ஐக் கழித்து 17π/3 என்று எழுதியிருக்கிறாள். முதலாவது, மீட்டரிலிருந்து அங்குலத்தைக் கழிப்பது போல. உங்களுக்கு இது சொல்லாமலே புரியும்; பத்து மீட்டர் துணியில் இரண்டு அங்குலம் போனால் மீதி எட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டாவது, பகுதியைச் சமமாக்காமல் பின்னத்தைக் கழித்த பிழை. அது ஆறாம் வகுப்புப் பாடம், அவசரத்தில் நழுவியிருக்கிறது.

ரேடியன் என்றதும் பிள்ளைகள் தயங்குகிறார்கள். அந்தப் பெயருக்கு வயதும் அதிகமில்லை. 1873-ல் பெல்ஃபாஸ்ட்டில் ஜேம்ஸ் தாம்சன் என்ற பேராசிரியர் தயாரித்த தேர்வுத்தாளில்தான் அது முதலில் அச்சேறியது. பொருள் எளிது. முழுச் சுற்று 360° என்பதற்குப் பதில் 2π. கீழே 6 இருந்தால் முழுச் சுற்று 12π/6, அதாவது வட்டத்தைப் 12 துண்டாக வெட்டியாயிற்று. கடிகார முகத்திலும் 12 துண்டுதான். 25 துண்டு என்பது 25 மணி நேரம் போல. இரண்டு முழுச் சுற்று போக மீதி ஒன்று: π/6. கீழே 3 இருந்தால் ஆறு துண்டு. 19-ல் மூன்று ஆறு பதினெட்டு போக மீதி ஒன்று: π/3. கீழே 4 இருந்தால் எட்டுத் துண்டு. −7-உடன் 8-ஐக் கூட்டினால் 1: π/4. மேலே உள்ள எண்ணை மட்டும் எண்ணினால் போதும், π தானாகக் கூட வரும். ஒரு எச்சரிக்கை, கடிகாரத்தைத் துண்டு எண்ணுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அதன் முள் சுற்றும் திசை கணக்கில் மைனஸ் திசை.

இனி நீங்கள் கேட்ட மற்றவை.

போனை வாங்கி வைக்காதீர்கள். அது கொடுத்த விடை சரிதான். அது எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை, அதுதான் குறை. கணக்கைப் படம் பிடித்து விடை கேட்பதற்குப் பதில், தான் போட்டதை முதலில் எழுதட்டும், பிறகு “எனக்கு 150 வந்தது, எந்த வரியில் தவறினேன்?” என்று கேட்கட்டும். தப்பான விடையைக் காட்டிக் கேட்கும்போதுதான் பதிலில் படிக்க ஏதாவது இருக்கும். பள்ளி ஆசிரியரிடம் கேட்பதற்கும் இதே முறைதான். “சார், புரியல” என்று வருகிற பிள்ளைக்கு நான் முழுப் பாடத்தையும் மறுபடி சொல்லவேண்டி வரும். அதற்கு நேரம் இருக்காது. “சார், இந்த மூணாவது வரி எப்படி வந்துச்சு?” என்று நோட்டில் பென்சில் குறி வைத்து வருகிற பிள்ளைக்கு இரண்டே நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். பெண் பிள்ளைகள் கூச்சப்பட்டு இதைக் கேட்காமல் விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தந்த விஷயம். முதல் தடவை நீங்களே கூடப் போய் நின்றால்கூடத் தப்பில்லை.

மீடியம் மாறியதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் தமிழ்வழிப் பதிப்பு ஒன்றை வாங்கிவிடுங்கள், அல்லது பாடநூல் இணையதளத்திலிருந்து இலவசமாகப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அதே பாடம், அதே கணக்குதான். ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பத்தி பிடிபடாதபோது தமிழில் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத் திரும்பட்டும். தேர்வை ஆங்கிலத்தில் எழுதினாலும், யோசிப்பது எந்த மொழியில் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

டியூஷன் இப்போது வேண்டாம். இரண்டு பிழைக்காக மாதா மாதம் பணம் கட்ட வேண்டியதில்லை. அரையாண்டுக்குள் மூன்று நான்கு பாடங்களில் இதேபோல் தடுமாறி, நான் சொன்னபடி கேட்டும் தெளிவு பிறக்கவில்லை என்றால் அப்போது பார்க்கலாம்.

குரூப் மாற்றும் பேச்சை உங்கள் வீட்டுக்காரர் தயவுசெய்து பிள்ளை காதில் விழும்படி பேச வேண்டாம். காமர்ஸ் நல்ல படிப்பு, விரும்பி எடுக்கிறவர்களுக்கு. ஒரு பக்க வீட்டுப்பாடத்துக்குப் பயந்து எடுக்க வேண்டிய படிப்பு அல்ல. இந்தப் பதிலை அவரிடமும் வாசித்துக் காட்டுங்கள். மூன்று பிளஸ் கணக்கையும் யாருடைய உதவியும் இல்லாமல் சரியாகப் போட்ட பிள்ளை அவர் மகள் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் மகளுக்கு மூன்று கணக்கு தருகிறேன்: −100°, −840°, −11π/3. ஒவ்வொன்றுக்கும் வட்டம் வரைந்து, அடையாளம் எந்தப் பக்கம் சுற்றி எங்கே நிற்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு விடையை எழுதட்டும். முதல் இரண்டு விடையும் இடப்பக்கக் கீழ்ப்பாதியில் விழ வேண்டும். மூன்றாவதன் விடை, நீங்கள் அனுப்பிய பக்கத்தில் எட்டாவது கணக்குக்கு வரவேண்டிய அதே விடை. வட்டங்களோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.